இரண்டு சி.டி.யும் ஒரு சி.டி.யும்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் அதோடு கிளம்பிவிடலாம். முதல் ஸ்கேன் சென்டருக்கு 5-க்கு 2. இரண்டாவதுக்கு 5-க்கு 4. பெயர் எதுவும் போடவில்லை. முதல் இடத்தில் யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை, என் மனக்குறை எல்லாம் ஒரே ஒரு வரியைப் பற்றியது. அந்த வரி என் தூக்கத்தை மூன்று வாரம் தின்றது.

கதை இதுதான். ஒருநாள் இரவு வயிற்றின் வலது பக்கம் வலி. குடல்வால் அழற்சியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சாய ஊசி போட்டு வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். குடல்வால் சமர்த்தாக இருந்தது, வலியும் இரண்டு நாளில் தானாகப் போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் கல்லீரல் நலம், பித்தப்பை நலம், மண்ணீரல் நலம் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவன் ஆறாவது வரியில் நின்றேன். இடது அட்ரினல் சுரப்பியில் (சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சின்னச் சுரப்பி) 2.4 செ.மீ. அளவில் ஒரு முடிச்சு காணப்படுகிறது, மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். அவ்வளவுதான். அடுத்த வரியில் சிறுநீரகம் நலம்.

ஒப்பிட்டுப் பார்க்கவும் என்றால், எதோடு? யார்? நானா? வலிக்காகப் போனவனுக்கு வலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சென்டருக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். "டாக்டர்கிட்ட காட்டுங்க சார், அவங்க சொல்லுவாங்க." ரிப்போர்ட் எழுதிய டாக்டரிடம் பேச முடியுமா என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லையாம்.

அன்றிரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. அட்ரினல், கட்டி என்று இரண்டு வார்த்தை தட்டினால் வந்து விழுவது எல்லாம் புற்றுநோய். அப்புறம்தான், விடியற்காலை மூன்று மணிவாக்கில், இதற்கென்று தனிப்பெயரே இருப்பது தெரிந்தது: இன்சிடென்டலோமா. வேறு ஏதோ காரணத்துக்காகப் படம் எடுக்கும்போது எதேச்சையாகக் கண்ணில் படுகிற 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அட்ரினல் கட்டி. நோயின் பெயர்கூட இல்லை, கண்டுபிடிக்கப்பட்ட விதத்துக்கு வைத்த பெயர். வயிற்றுக்கு சி.டி. எடுக்கும் பெரியவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு இப்படி ஏதாவது தட்டுப்படுகிறது. வயது ஏற ஏற இன்னும் கூடும். அவற்றில் பெரும்பாலானவை அடினோமா எனப்படும், எந்த ஹார்மோனையும் அதிகமாகச் சுரக்காத, பரவாத சாதாரணக் கட்டிகள். அந்தச் சுரப்பியிலேயே தோன்றும் புற்றுநோய் ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருவது. இந்த இரண்டு வாக்கியத்தை ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்திருந்தால் மை எவ்வளவு செலவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, முதல் சென்டரில் நல்லது எது என்றும் சொல்ல வேண்டும். இயந்திரம் புதிது, வேலை சுத்தம், உள்ளே போய் வெளியே வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ரிப்போர்ட் இரண்டு மணி நேரத்தில் கையில். கட்டியைத் தவறவிடாமல் கண்டதும் அவர்கள்தான். குறை என்னவென்றால், கண்டதோடு நிறுத்திவிட்டார்கள். கட்டி முழுக்க ஒரே சீராக இருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, உள்ளே சுண்ணாம்புப் படிவோ ரத்தக்கசிவோ தெரிகிறதா, ஒன்றும் இல்லை. அடுத்து என்ன படம் எடுக்க வேண்டும் என்ற யோசனை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இதற்கு முன் எப்போதாவது வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஒரு நியாயம் அவர்கள் பக்கமும் உண்டு. சாயம் ஏறிய படத்தில் இந்தக் கட்டியைப் பற்றி உறுதியாகச் சொல்வது கடினம். ஏன் என்பதற்கு ஓர் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், இந்த விமர்சனத்தின் மையமே அதுதான்.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100-ஐ ஒட்டி வரும், எலும்பு பல நூறுக்கு மேலே. இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் டாக்டர் இல்லை, எஞ்சினியர். இசைத்தட்டு வெளியிட்டுப் பெயர் வாங்கிய ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருடைய இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது 1971-ல். ஆலன் கார்மக்கோடு சேர்ந்து 1979-ல் நோபல் பரிசு வாங்கினார். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் பெயரில் உள்ள ஒரு எண் என் தலையெழுத்தைச் சொல்லப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பி ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். அதன் மேலோடு கொலஸ்ட்ராலை வைத்துத்தான் ஹார்மோன்களைச் செய்கிறது. அதனால் அங்கே வளரும் சாதாரண அடினோமாவின் செல்களுக்குள் பெரும்பாலும் கொழுப்பு நிறைந்திருக்கும். கொழுப்பு இருந்தால் அடர்த்தி எண் இறங்கும். ஆகவே சாயம் போடாமல் எடுத்த வெறும் சி.டி.யில் கட்டி ஒரே சீராக இருந்து, எண் 10 அல்லது அதற்குக் கீழே என்றால், அது சாதாரணக் கட்டி, படம் எடுக்கும் வேலை அங்கேயே முடிந்தது. 2023-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், அப்படி இருந்தால் கட்டியின் அளவு எவ்வளவானாலும் மேற்கொண்டு படம் வேண்டாம் என்கிறது. சாயம் ஏறிவிட்டால் எல்லாமே பளிச்சென்று ஆகிவிடும், இந்த எண் கலங்கிப்போகும். அதாவது ஊசி போட்ட ஆடம்பரமான ஸ்கேனால் சொல்ல முடியாததை ஊசி போடாத எளிய ஸ்கேன் சொல்லிவிடும். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். முதல் ரிப்போர்ட்டில் "சாயமில்லாத சி.டி. எடுத்து அடர்த்தி பார்க்கவும்" என்று நாலு வார்த்தை இருந்திருந்தால் 4 நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

எங்கள் குடும்ப மருத்துவர் ஒரு ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து முகத்தைச் சுளிக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. இரண்டே கேள்விகள், என்றார். இது கெட்ட கட்டியா? இது ஹார்மோனைக் கூடுதலாகக் கொட்டுகிறதா? படம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், இரண்டாவதுக்கு ரத்தமும் சிறுநீரும். அட்ரினல் கட்டிக்கென்று தனி முறையில் எடுக்கத் தெரிந்த இடம் என்று இரண்டாவது சென்டருக்குச் சீட்டு எழுதினார்.

இங்கேதான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. முன்பதிவுப் படிவமே ஒரு பக்கம். சாய ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா, ஆஸ்துமா, தைராய்டு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, கிரியாட்டினின் எவ்வளவு. கடைசியில் ஒரு கேள்வி: வயிறு அல்லது நெஞ்சுப் பகுதியில் முன்பு ஸ்கேன் எடுத்திருந்தால் எல்லாவற்றையும் கொண்டு வரவும், எவ்வளவு பழையதானாலும். நான் போன மாத ஸ்கேனை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேசையில் படுத்ததும் டெக்னீஷியன் பையன் விஷயத்தை விளக்கினான். "முதல்ல ஊசி இல்லாம எடுப்போம் சார். மேடம் உள்ள உட்கார்ந்து பார்ப்பாங்க. நம்பர் 10-க்குள்ள இருந்தா அப்படியே எழுந்து போயிடலாம், ஊசியே வேண்டாம்." இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பல இடங்களில் மூன்று சுற்றையும் மூச்சுவிடாமல் எடுத்து முடித்துவிட்டுச் சாவகாசமாகப் பிறகு பார்ப்பார்கள். இங்கே நடுவில் நிறுத்தி, ஒரு மனிதர் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். அந்த நாலைந்து நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பரீட்சை ரிசல்ட் வருகிற நேரம் மாதிரி.

14.

நாலு மார்க்கில் கோட்டை விட்டேன். ஆனால் இது தோல்வியும் இல்லை, அடினோமாக்களில் சுமார் மூன்றில் ஒன்று கொழுப்புக் குறைவாக இருந்து 10-ஐத் தாண்டிவிடும். 11 முதல் 20-க்குள், 4 செ.மீ.க்குக் குறைவு, ஒரே சீர் என்றால், இன்னொரு வகைப் படம் இப்போதே எடுக்கலாம், இல்லையென்றால் 12 மாதம் கழித்து மறுபடி சாயமில்லாமல் எடுத்து வளர்ந்ததா என்று பார்க்கலாம். 20-க்கு மேல், அல்லது 4 செ.மீ.க்கு மேல் இருந்து திட்டுத்திட்டாகவும் இருந்தால் பல துறை மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம்.

அடுத்தது ஊசி. உடம்பு முழுக்க ஒரு வெந்நீர் ஓடுகிற மாதிரி, வாயில் இரும்பு ருசி, அப்புறம் கால்சட்டையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று ஒரு திகில். போகவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆனதும் ஒரு சுற்று. பிறகு அசையாமல் 15 நிமிடம் காத்திருந்து இன்னொரு சுற்று. இந்த 15 நிமிடத்தைக் கடிகாரம் வைத்துக் காத்தார்கள். 10 நிமிடத்தில் முடித்து அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. அப்படிச் செய்தால் சாயம் வெளியேற நேரம் போதாமல் சாதாரணக் கட்டிகூடத் தேறாமல் போய்விடலாம். நீங்கள் போகும் இடத்தில் எத்தனை நிமிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு ஏழாம் வகுப்புச் சதவிகிதக் கணக்குதான். அடினோமா சாயத்தைச் சீக்கிரம் வாங்கிச் சீக்கிரம் விட்டுவிடும். கெட்ட கட்டிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். என் கட்டி ஊசிக்கு முன் 14, ஊசிக்குப் பின் 78, 15 நிமிடம் கழித்து 38. ஏறியது 64. இறங்கியது 40. நாற்பதை அறுபத்து நாலால் வகுத்தால் 62.5 சதவிகிதம். தேர்ச்சி மதிப்பெண் 60. பார்டர் பாஸ்! ஊசிக்கு முந்தைய படம் கைவசம் இல்லாதவர்களுக்கு வேறொரு கணக்கு, இறங்கியதை உச்ச எண்ணால் வகுப்பது, அதில் 40 எடுத்தால் போதும். எனக்கு அதில் 51 வந்தது.

ரிப்போர்ட் அடுத்த நாள் வந்தது. ஒன்றரைப் பக்கம், அதில் முக்கால் பக்கம் என் கட்டிக்கே. மூன்று எண்களும், இரண்டு கணக்குகளும், எந்தப் படத்தில் எங்கே அளந்தார்கள் என்பதும் இருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது கீழே இருந்த எச்சரிக்கை. சாயம் வெளியேறும் வேகத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம், அட்ரினலின் மாதிரியான ஹார்மோன்களைக் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியும் சில சமயம் இதே மாதிரி நடிக்கும், சிறுநீரகத்திலிருந்தோ கல்லீரலிலிருந்தோ பரவி வந்த புற்றும் நடிக்கக்கூடும், ஆகவே அந்த ஹார்மோன்கள் உடைந்து வரும் பொருளை ரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கும் மெட்டனெஃப்ரின் பரிசோதனை அவசியம் என்று எழுதியிருந்தார்கள். தன் சோதனையின் பலவீனத்தைத் தானே எழுதுகிற ரிப்போர்ட்டை நான் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். அந்த 2023 வழிகாட்டுதலும் இந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள ஆதாரம் பலமில்லை என்றுதான் சொல்கிறது. எண் 10-க்குள் இருந்திருந்தால் மெட்டனெஃப்ரினே தேவைப்பட்டிருக்காது.

ரிப்போர்ட் வாங்கப் போனபோது, படத்தைப் பார்த்து அதை எழுதிய ரேடியாலஜிஸ்ட்டைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டார்கள். இருட்டு அறை, இரண்டு பெரிய திரைகள், அந்த மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் கட்டியைத் திரையில் கொண்டுவந்தார். சிறுநீரகத்துக்கு மேலே பிறைநிலா மாதிரி மெல்லிய சுரப்பி, அதன் ஒரு கொம்பில் உருண்டையாக ஒன்று. சுற்றி இருப்பதெல்லாம் கொழுப்பு, கருப்பாக. "வட்டம் போடுறதுல தான் சார் எல்லாமே இருக்கு" என்றார். கட்டியின் பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வருகிற மாதிரி வட்டம் போட்டு உள்ளே இருக்கும் சராசரி எண்ணை எடுக்க வேண்டும். ஓரத்தைத் தொட்டால் வெளிக்கொழுப்பும் சேர்ந்து எண்ணைப் பொய்யாக இறக்கிவிடும். எனக்குக் காட்டுவதற்காகவே வட்டத்தை லேசாக ஓரத்துக்கு இழுத்தார், 14 என்பது 6 ஆனது. அடேயப்பா! ஒரு சுண்டுவிரல் அசைவில் நான் தேறிவிட்டேன். திரும்பச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார், மறுபடி 14. நடுவில் எங்காவது அழுகிய பகுதியோ சுண்ணாம்போ இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டுமாம், படங்களும் மெல்லிய துண்டுகளாக இருக்க வேண்டுமாம். ரிப்போர்ட்டில் ஓர் எண் இருந்தால் போதாது, அது எப்படி வந்தது என்பதும் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது, ஏன் 5 இல்லை, 4 என்பதற்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் என்ன என்று கேட்டேன். அது நியாயமான கேள்விதான் என்று ஒப்புக்கொண்டார். எம்.ஆர்.ஐ.யில் ஒரு தந்திரம் இருக்கிறது. கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் கொஞ்சம் வேறு வேறு வேகத்தில் சுழலும், இரண்டு பேர் வேறு வேறு தாளத்தில் கை தட்டுகிற மாதிரி. ஒரு கணத்தில் இரண்டு தட்டும் சேர்ந்து விழும், அடுத்த கணத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டு கணத்திலும் படம் எடுத்து ஒப்பிட்டால், செல்லுக்குள்ளேயே கொழுப்பும் தண்ணீரும் கலந்திருக்கும் அடினோமா இரண்டாவது படத்தில் கருத்துப்போகும். கதிர்வீச்சு இல்லை, சாயமும் வேண்டாம். 14 மாதிரி எண்ணுக்கு இது நன்றாகவே உதவும். எண் ரொம்ப ஏறிவிட்டால்தான் உதவி குறைந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளுக்கும் சின்ன வயதுக்காரர்களுக்கும் சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதுதான் முதல் தேர்வு. அப்படியானால் என்னிடம் ஏன் கேட்கவில்லை? ஏற்கெனவே சி.டி. மேசையில் படுத்திருந்தேன், அதே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைத்தார்களாம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. வயிற்று சி.டி. ஒன்றுக்குத் தோராயமாக 8 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே வருவது ஆண்டுக்கு உலகச் சராசரியில் 2.4. முழு வயிற்றையும் எடுக்காமல் சுரப்பி இருக்கும் பட்டையை மட்டும் எடுத்தார்கள், அதனால் அந்த அளவு வந்திருக்காது, அதற்கு நன்றி. ஆனாலும் 14 என்று தெரிந்த அந்த நிமிடத்தில் வெளியே வந்து, "இரண்டு வழி இருக்கு, எது வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு நட்சத்திரம் அங்கே போனது.

ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, அது வேறு லேபின் கதை. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் மாத்திரை, காலை எட்டு மணிக்கு ரத்தம், அந்தச் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, எனக்கு 1.3. மெட்டனெஃப்ரின் சரி. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதால் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டும் பார்த்தார்கள், அதுவும் சரி. நடுவில் என் மைத்துனர் "ஒரு ஊசி போட்டு எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமே" என்று யோசனை சொன்னார், பலருக்கும் இப்படித் தோன்றும். ஹார்மோன் மருத்துவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அட்ரினலில் ஊசி குத்தி எடுத்த சதையை வைத்து இது அடினோமாவா, அந்தச் சுரப்பியின் புற்றா என்று பிரித்துச் சொல்வது நம்பத்தகுந்ததாக இருக்காது. அதைவிட, அது ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்து தெரியாமல் குத்திவிட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு எகிறலாம். வேறெங்கோ புற்று இருந்து, அது இங்கே பரவியதா என்று தெரிந்தால் சிகிச்சையே மாறும் என்கிறபோது மட்டும், மெட்டனெஃப்ரின் பார்த்துவிட்டு, குத்துவார்கள்.

12 மாதம் கழித்து ஒரு சாயமில்லாத ஸ்கேன், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார். நிம்மதியாக வீட்டுக்கு வந்து எல்லாக் காகிதத்தையும் ஒரே ஃபைலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கல்லுக்கு எடுத்தது எங்க?"

எந்தக் கல்?

ஆறு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகக் கல்லுக்காக ஒரு ஸ்கேன் எடுத்திருந்தேன். சுத்தமாக மறந்துபோயிருந்தது. கல்லுக்கு எடுப்பது சாயம் போடாத சி.டி. கல் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சிறுநீரகத்தை மேலிருந்து கீழ்வரை எடுப்பார்கள், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியும் தானாகவே படத்தில் விழும். அலமாரியின் அடித்தட்டில், உத்தரவாத அட்டைகளுக்கும் பழைய சார்ஜர்களுக்கும் நடுவில், ஒரு காகித உறைக்குள் அந்த சி.டி. இருந்தது. இது தட்டு சி.டி. எழுத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் என் மகளுக்கு நான் போனில் செய்தி தட்டி விஷயத்தைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. வீட்டில் இருக்கிற எந்த மடிக்கணினியிலும் தட்டு போடும் வாய் இல்லை, அது தனிக் கொடுமை.

மறுநாளே இரண்டாவது சென்டருக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். முன்பதிவு இல்லை, ஒன்றும் இல்லை. மேடம் வாங்கிப் போட்டார், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இதோ இருக்கு சார், உங்க ஆளு." ஆறு வருடத்துக்கு முன் 2.2 செ.மீ. அடர்த்தி 12. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசமெல்லாம் வளர்ச்சியே இல்லை, ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே அவ்வளவு வரும். விட்டம் 20 சதவிகிதத்துக்கு மேல் கூடி, அது 5 மில்லிமீட்டராவது இருந்தால்தான் வளர்ந்ததாகக் கணக்கு. ஆறு வருடம் நகராமல் உட்கார்ந்திருக்கும் ஒன்று கெட்ட கட்டி இல்லை. அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் தேடி எடுத்துப் பார்த்தேன், கல்லைப் பற்றி நான்கு வரி, அட்ரினல் என்ற சொல்லே இல்லை. அது மூன்றாவது சென்டர், அதற்கு மதிப்பெண் போட மனசு வரவில்லை. அவர்கள் எழுதாமல் விட்டதால் ஆறு வருடம் நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆக, முதல் சென்டரில் யாராவது ஒருவர் பழைய ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டு, நானும் யோசித்திருந்தால், இரண்டாவது ஸ்கேனே தேவைப்பட்டிருக்காது. சாயம், 15 நிமிடம், 62.5 எல்லாமே. ரத்தப் பரிசோதனைகள் மட்டும் எப்படியும் வேண்டியிருந்திருக்கும். பழியை அவர்கள் தலையிலேயே போட்டுவிட முடியாது, இரண்டாவது சென்டரின் படிவத்தில் எவ்வளவு பழையதானாலும் என்று அச்சடித்தே இருந்தது, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். மேடம் அதைச் சொல்லிக்காட்டவில்லை. கூடுதல் கட்டணம் கேட்காமல் ரிப்போர்ட்டின் கீழே ஒரு பிற்சேர்க்கை எழுதிக் கொடுத்தார்: பழைய படத்தோடு ஒப்பிடப்பட்டது, குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஹார்மோன் மருத்துவர் அதைப் படித்துவிட்டு 12 மாத ஸ்கேனை அடித்துவிட்டார்.

போன வாரம் முதல் சென்டரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தரவும் என்று. 2 போட்டேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது, மேலாளராம், குரலில் உண்மையான பதற்றம்.

"சார், ரிப்போர்ட்ல ஏதாவது தப்பா இருந்துச்சா?"

தப்பு எதுவும் இல்லை என்றேன். 2.4 செ.மீ.யைச் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். அந்த இரண்டில் ஒன்று அதற்குத்தான்.